பூ எல்லாருக்கும், வேலை ஒருத்திக்கா?

நம் மலேசியாவில் வசந்தம் என்று தனியே ஒரு பருவம் இல்லை. ஆயினும் ஆண்டின் தொடக்கத்தில், மழை ஓய்ந்து வெயில் ஏறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு மாற்றம் வருவதை நீங்கள் அறிவீர்கள். இன்று பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. பால் மரம் உள்ள இடங்களிலோ மரங்கள் இலை உதிர்க்கும். பின்னர் செம்பு நிறத்தில் தளிர் விடும். கூடவே சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாய் மணக்கும். லயத்து வாசலில் காகிதப்பூச் செடி இலை தெரியாமல் பூத்து நிற்கும்.

பார்க்க அழகுதான். ஆனால் மரம் வெட்டும் குடும்பத்துக்கு அது முழு மகிழ்ச்சி தருமா? மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது பால் குறையும். பால் குறைந்தால் வருமானமும் குறையும் அல்லவா?

வாசலிலும் இதே கதைதான். செம்பருத்தி 1960-இல் நம் தேசிய மலரான பெருமைக்குரிய பூ. ஆனால் ஒரு பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே நாள். இன்று விரிந்தது நாளை தரையில் கிடக்கும். அதைக் கூட்டுவது யார்? விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்து, வேலைக்காட்டுக்குப் போய்க் களைத்துத் திரும்பும் தாய்தான்! பூவை விரும்பும் அவளே வேலையை நினைத்துச் சலித்துக்கொண்டால் அதில் குற்றம் என்ன?

ஆகவே, வேலையைக் குறைக்க வழி பார்ப்போம். வேரூன்றிய காகிதப்பூச் செடிக்குத் தினமும் நீர் ஊற்ற வேண்டாம். வெயிலும் வறட்சியும் கண்டால்தான் அது நன்கு பூக்கும். நீர் மிகுந்தால் இலைதான் பெருகும். மல்லிகை பூத்து ஓய்ந்ததும் கிளைகளை நறுக்கிவிடுங்கள். புதுத் தளிரின் நுனியில்தான் அது மொட்டு விடும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால் சவர்க்கார நீரை இலையின் அடிப்புறத்திலும் படும்படி தெளியுங்கள். உதிர்ந்த பூவையும் சருகையும் எரிக்காமல் செடியடியில் ஒதுக்குங்கள். ஈரம் காக்கும், மக்கி எருவாகும்.

ஆனால் விடவே கூடாத வேலை ஒன்று உண்டு. பூச்சட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவதுதான் அது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். அம்முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நீரின்றியும் பல மாதம் பிழைத்திருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். காலி டின், பழைய டயர், சிரட்டை, வீசிய பால் கோப்பை ஆகியவற்றிலும் நீர் தேங்க விடாதீர்கள். கொசு பெருக இடம் கொடுப்போர் மீது நடவடிக்கை எடுக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல, நம் பிள்ளைகளின் உயிரை எண்ணியும் இதைச் செய்ய வேண்டும்.

சாமி படத்துக்கு மாலை, மகளின் கூந்தலுக்குச் சரம், வாசலுக்கு அழகு என்று பூவின் பயன் வீட்டார் அனைவருக்கும் கிடைக்கிறது. வேலை மட்டும் ஏன் ஒருத்திக்கு? பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வாசலைக் கூட்டட்டும். ஆண்பிள்ளை துடைப்பம் தொடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை! தகப்பனார் கிளை நறுக்கட்டும். தட்டு கழுவ ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துவிட்டால் யாரும் மறக்கமாட்டார்கள்.

அப்படியும் கைக்கு அடங்கவில்லையா? செடிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சட்டிகளை வாடவிடுவதைவிட மூன்று சட்டிகளைப் பேணுவது மேல். அம்மா ஒரு நாளாவது திண்ணையில் உட்கார்ந்து, தான் வளர்த்த பூவை நிதானமாகப் பார்க்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.