அப்பாவோட ஆர்.எக்ஸ் 100 மறுபடி மின்னணுமா? ஃபோர்க் பாட்டத்தை வீட்டிலேயே பாலிஷ் போடலாம்... ஆனா இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க!

தோட்டத்துச் சாளையில சாக்குப் போட்டு மூடிவெச்சிருந்த அப்பாவோட ஆர்.எக்ஸ் 100-ஐ வெளியே எடுத்துட்டீங்க. கார்புரேட்டர் க்ளீன் பண்ணி, நாலு கிக்குல ஸ்டார்ட்டும் ஆகிடுச்சு. டேங்குக்குப் புது பெயின்ட். ஆனாலும் முன்னாடி நின்னு பார்த்தா ஏதோ இடிக்குது. என்னன்னு பார்த்தா, வீலுக்கு ரெண்டு பக்கமும் நிற்கிற ஃபோர்க் பாட்டம்! வெள்ளை பூத்து, கறுத்து, புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடு கோடா கிடக்கு.

1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன பைக் அது. வயசு அப்படி. கவலை வேண்டாம். ஒரு சனி, ஒரு ஞாயிறு, கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கலாம்.

கோயம்புத்தூருக்கு இது புதுசும் இல்லை. கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பைக்கைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த 'ரட்ஜ்' பைக்கையே வாங்கினார். ஓட்டியதோடு விடவில்லை, கழற்றிக் கழற்றி மாட்டியே மெக்கானிசம் கற்றுக்கொண்டார். நீங்க கழற்றப்போவது முன் ஃபோர்க்கை மட்டும்தான்!

ஏன் வெள்ளை பூக்குது?

ஃபோர்க் பாட்டம் அலுமினியக் கலவையில் வார்த்தது. பல பழைய பைக்குகளில் அதன் மேல் க்ளியர் கோட்டோ, சில்வர் பெயின்ட்டோ இருக்கும். கல் அடித்து அந்தப் பூச்சு உரிந்த இடத்தில் ஈரம் உள்ளே போகும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பவுடராகும். அது பூச்சுக்கு அடியிலேயே பரவுவதால், மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பழைய பூச்சை முழுசா எடுத்தே ஆகணும்.

கழற்றும்போது...

பைக்கில் இருக்கும்போதே மாஸ்கிங் டேப் ஒட்டித் தேய்ப்பவர்களும் உண்டு. ஆனால், கழற்றிச் செய்தால்தான் பின்பக்கம், இடுக்கு எல்லாம் கை போகும். முன் வீலைத் தூக்கி நிறுத்தி, பைக் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டத்துக்கு அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டை, ஃபோர்க் பைக்கில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். கழற்றின பிறகு திருகினால், உள்ளே இருக்கும் ராடும் சேர்ந்து சுற்றும். மேல் மூடியைத் திறக்கும்போது முகத்தை நேரே வைக்காதீங்க, ஸ்பிரிங் தெறிக்கலாம். இதுக்கு முன்னாடி ஃபோர்க்கைத் திறந்ததே இல்லையா? கழற்றுவதையும் மாட்டுவதையும் மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டுடுங்க. தேய்க்கிற வேலை உங்களோடது.

ஆயிலை வடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் மறுபடி கழுவிக் காயவிடுங்கள்.

காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம்

பூச்சை எடுக்க ஹார்டுவேர் கடையில் பெயின்ட் ரிமூவர் கிடைக்கும். மொட்டை மாடி மாதிரி காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுத் தடவுங்கள். பெயின்ட் பொங்கி வந்ததும் பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிடலாம்.

'காஸ்டிக் சோடாவுல ஊறப்போடு, உடனே உரிஞ்சிடும்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீங்க. காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும். தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். குத்துவிளக்குக்குத் தேய்க்கிற புளியும் இங்கே உதவாது. கறுப்பு கொஞ்சம் குறையும். கீறல் அப்படியேதான் இருக்கும்.

பளபளப்பு என்பது பூசுவது இல்லை

விஷயமே இதுதான். பாலிஷ் என்றால் எதையோ மேலே தடவுவது என்று நினைக்கிறோம். உண்மையில் அது, பெரிய கீறலைச் சின்னக் கீறலாக்கி, அதை இன்னும் சின்னதாக்கி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் செய்வது. மேற்பரப்பு சமமானால் வெளிச்சம் சிதறாமல் திரும்பும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம்.

கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேளுங்கள். தண்ணீர் போட்டுத் தேய்க்கிற எமரி. நம்பர் கூடக் கூட நைஸாகும். அரிப்புக் குழி ஆழமாக இருந்தால் 240-ல் தொடங்குங்கள். லேசான கறைதான் என்றால் 400 போதும். பிறகு 600, 800, 1000, 1500, கடைசியாக 2000. ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பேப்பர் அடைக்காது, தூசும் பறக்காது.

ஒரு டெக்னிக்: ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். 400-ஐ மேலிருந்து கீழாகத் தேய்த்தால், 600-ஐக் குறுக்கே தேய்க்கணும். பழைய கீறல் ஒன்றுகூடக் குறுக்கே தெரியாதபோதுதான் அடுத்த பேப்பர். மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், ஒளிந்திருக்கும் கீறல் எல்லாம் காட்டிக்கொடுக்கும். 400-லிருந்து நேரா 1500-க்குத் தாவினால், கடைசியில் பளபளப்புக்கு நடுவே கோடு கோடாகத் தெரியும். மறுபடி முதலிலிருந்துதான்!

இதற்குப் பிறகு மெட்டல் பாலிஷ். திருப்பூர் புண்ணியத்தில் நம்ம பக்கம் பட்டறைக்குப் பட்டறை பனியன் வேஸ்ட் இருக்கும். மெத்தென்ற காட்டன் துணியாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுப்பாகும். பயப்படாதீங்க, அது அழுக்கு இல்லை, தேய்ந்து வரும் அலுமினியம். கறுப்பு மறையும்வரை புதுத் துணியால் துடையுங்கள்.

கை வலிக்குதா? கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் பம்ப் உதிரிபாகங்களை நம்பி எத்தனையோ பட்டறைகள் இருக்கின்றன. பஃபிங் மெஷின் இருக்கிற இடத்தில் கொடுக்கலாம். ஆனால், அடுத்து வருவதை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

ஃபோர்க் பாட்டம் அழகுப் பொருள் இல்லை. முன் வீலும் முன் பிரேக்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

* ஆயில் சீல் உட்காரும் வாய்ப்பகுதியின் உட்புறத்தைத் தேய்க்காதீர்கள். தேய்ந்தால் புது சீல் போட்டாலும் ஆயில் கசியும். தேய்க்கும் முன் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். எமரி மண் உள்ளே போனால் சீலையும் டியூபையும் கீறும்.

* டிரம் பிரேக் பைக்கில், பாட்டத்தின் உட்பக்கம் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக் பிளேட் சுற்றாமல் பிடிப்பது அதுதான். 'அசிங்கமா இருக்கே' என்று அரத்தால் ராவிவிடாதீர்கள்.

* விரிசல் தெரிந்தால் பாலிஷ் வேலை அதோடு முடிந்தது. பாட்டத்தையே மாற்றுங்கள்.

* மேலே இருக்கும் குரோம் டியூபில் எமரி படவே கூடாது.

மாட்டும்போது...

உள்ளேயும் வெளியேயும் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். ஆயில் சீல் புதுசு போடுங்கள். ஃபோர்க் ஆயில் ரெண்டு பக்கமும் மேனுவலில் சொன்ன ஒரே அளவு. வீலை மாட்டும்போது பிரேக் பிளேட்டின் வெட்டு, அந்த முளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். உட்காராவிட்டால், முதல் பிரேக்கிலேயே பிளேட் சுற்றி வீல் லாக் ஆகிவிடும். டிஸ்க் பைக் என்றால், டிஸ்க் மேல் பாலிஷோ வாக்ஸோ ஒரு துளிகூடப் படக் கூடாது. மெயின் ரோட்டுக்குப் போகும் முன், தெருவிலேயே மெதுவாக நாலு தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள்.

பளபளப்பு நிக்கணுமே?

வெறும் அலுமினியம் மெல்ல மங்கத்தான் செய்யும். மேலே க்ளியர் கோட் அடிக்கலாம். ஆனால், கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பில் அது சரியாகப் பிடிக்காது. நாளாக நாளாக உரியலாம். அதைவிட, கார் வாக்ஸ் போட்டு, மங்கும்போதெல்லாம் மெட்டல் பாலிஷ் தொட்டுத் துடைப்பது சுலபம். மழையில் ஓட்டினால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்று என்ற தலைவலி வேறு உண்டு. நமக்கு அது இல்லை.

எல்லாம் முடிந்ததா? சாவியை முதலில் அப்பாகிட்ட கொடுங்க. வண்டியைச் சுத்தி வந்து, குனிஞ்சு, அந்த ஃபோர்க்குல தன் முகத்தைப் பார்ப்பார் பாருங்க... ரெண்டு நாள் கைவலிக்கு அது போதும்ங்க!