கோல் விழுந்தால் உடனே கத்தலாம்: இங்கிலாந்தின் கீழ் லீக்குகளை ஏன் பார்க்கிறார்கள்?

(எபிசோடின் பேச்சு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடில் பிரீமியர் லீக்கின் டிவி ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும்போது, போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். இங்கிலாந்தில் நாலாவது டிவிஷன் மேட்சுக்கும் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும்னு. அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நண்பர் எழுதியிருந்தார்: "உலகத்திலேயே நல்லா ஆடுறவங்களை சோபாவில் உட்கார்ந்து பார்க்கலாம்னு இருக்கும்போது, பேர் தெரியாத 22 பேர் சேற்றில் உருளுறதை மழையில் நின்னு, காசு கொடுத்து எதுக்குப் பார்க்கணும்?" நியாயமான கேள்விதான். இன்றைக்கு அதை மட்டும் பேசுவோம்.

முதலில் அமைப்பு. மேலே பிரீமியர் லீக், 20 கிளப்புகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று படி, ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. இந்த 92 மைதானங்களுக்கும் ஒருமுறையாவது போய்விட வேண்டும் என்று வாழ்க்கை முழுக்க அலைகிறவர்கள் உண்டு. நம்ம ஊரில் 108 திவ்யதேசம் போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் கீழே நேஷனல் லீக், அதற்கும் கீழே வட்டார லீக்குகள் என்று படிகள் இறங்கிக்கொண்டே போகும். லீக் டூவுக்குக் கீழே உள்ளதையெல்லாம் சேர்த்து "நான்-லீக்" என்பார்கள். எல்லாப் படிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் இறங்கணும். நாம் பார்த்துப் பழகிய ஐபிஎல் மாதிரி இல்லை. ஐபிஎல்லில் கடைசி இடத்துக்கு வந்த அணியும் அடுத்த வருஷம் அதே மேடையில்தான் நிற்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு இங்கிலாந்தில் நடக்கிற பிரீமியர் லீக் மேட்சை நாம் இங்கே ராத்திரி ஏழரைக்கோ எட்டரைக்கோ நேரலையில் பார்த்துவிடலாம். இங்கிலாந்துக்காரர் பார்க்க முடியாது! சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை அந்த நாட்டு டிவியில் கால்பந்து நேரலை கூடாது என்று ஒரு கட்டுப்பாடு 1960களிலிருந்து இருக்கிறது. அன்றைக்கு பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட்தான் இதற்காக மல்லுக்கட்டினார். பெரிய மேட்ச் டிவியில் வந்தால், சின்ன ஊர் மைதானத்துக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது வாதம். நம்ம நண்பர் கேட்ட கேள்விக்கு அந்த நாடு அறுபது வருஷம் முன்னாடியே பயந்து போய் போட்ட வேலி அது. இன்றைக்கும் அது தேவையா என்று சண்டை நடக்கிறது. திருட்டு ஸ்ட்ரீம் பார்க்கிறவர் எப்படியும் பார்க்கத்தான் செய்கிறார். ஆனாலும் நான் வேலியின் பக்கம்தான். ஏன் என்பது பேச்சுப் போக்கில் தெரியும்.

சரி, மைதானத்துக்குள் போவோம். கீழ் லீக்கில் என்ன கிடைக்கும்?

கோல் விழுந்தால் உடனே கத்தலாம். கேட்க அற்பமா இருக்கும். ஆனால் 2019-20 சீசனில் பிரீமியர் லீக்குக்கு விஏஆர் வந்த பிறகு, கோல் விழுந்ததும் ஜனங்கள் எழுந்து பாதி கத்தி, பாதியில் ரெஃப்ரியின் கை காதுக்குப் போகிறதா என்று பார்க்கிறார்கள். எங்கேயோ ஓர் அறையில் யாரோ கோடு போட்டு, தோள்பட்டை ஆஃப்சைடா என்று அளந்து முடிக்கும்வரை சந்தோஷத்தை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. கீழே வழக்கமான லீக் மேட்சுகளில் விஏஆர் கிடையாது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லையா, கோல். அவ்வளவுதான். தப்பான கோல்களும் நிறைய விழும், அதற்காக வருஷக்கணக்கில் புலம்பவும் செய்வார்கள். புலம்பலும் சேர்த்துத்தான் டிக்கெட்.

அடுத்தது காது. டிவியில் நமக்குக் கிடைப்பது கூட்டத்தின் இரைச்சலும் வர்ணனையும். ஆறாவது, ஏழாவது படி மைதானங்களில் கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கலாம். ஷின் பேடில் பூட்ஸ் மோதும் சத்தம் கேட்கும். கோல்கீப்பர் தொண்ணூறு நிமிஷமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்: யார் தனியாக நிற்கிறான், யார் ஏறி வரணும், யார் தூங்குறான். மேனேஜர் திட்டுவதும், திட்டு வாங்கினவன் முணுமுணுப்பதும் சேர்ந்தே கேட்கும். டிவியில் கால்பந்து என்பது உருவங்கள் நகர்கிற ஒரு வரைபடம் மாதிரி தெரியும். இங்கேதான் அது பேசிப் பேசிச் செய்கிற ஒரு கூட்டு வேலை என்று புரிகிறது.

இன்னொரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்ன மைதானங்களில் இரு தரப்பு ரசிகர்களைப் பிரிக்கும் தடுப்பு பெரும்பாலும் இருக்காது. அதனால், இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது ரசிகர்களும் நடந்து போய் எதிர்ப்பக்க கோலுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள், தங்கள் அணி அடிக்கப்போகிற கோல் பக்கத்தில் இருக்கணும் என்பதற்காக. எதிர் ஊர்க்காரர்கள் வழியில் எதிரே வருவார்கள். கையில் பீர் இருக்கும். இதிலும் ஒரு சட்டக் கதை உண்டு. மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது குடிக்கக் கூடாது என்று 1985இல் வந்த சட்டம் மேல் ஐந்து படிகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்குக் கீழே தடையில்லை.

நின்று பார்ப்பதும் அப்படித்தான். 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த டெய்லர் அறிக்கையால் மேல் இரண்டு டிவிஷன்களிலும் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது. அது தேவைப்பட்ட மாற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து டிக்கெட் விலை ஏறியது, பள்ளிக்கூடப் பையன்கள் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற காலம் முடிந்தது. கீழே நின்று பார்க்கும் படிக்கட்டுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. விலையும் மேலே கொடுப்பதில் ஒரு பங்குதான்.

இதெல்லாம் சூழ்நிலை. ஆட்டம்? ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், ஆட்டம் மோசமாகத்தான் இருக்கும். மேல் லீக்கில் ஒருவன் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்த இரண்டு பாஸை யோசித்து வைத்திருப்பான். கீழே அந்த நேரமும் இல்லை, அந்தத் தரையும் இல்லை. ஜனவரி மாதம் நனைந்த புல்லில் பந்து உருளாது, அதனால் தூக்கி அடிக்கிறார்கள். அடித்த பந்து தலையில் பட்டு எங்கே விழுகிறதோ, அந்த "இரண்டாவது பந்து" யாருக்கு என்பதில்தான் மேட்சே நடக்கும். மேல் லீக்கைப் பார்த்தால் கால்பந்து சுலபம் என்று தோன்றும். ஒரு லீக் டூ டிஃபென்டர் ஈரப் பந்தைக் கட்டுப்படுத்தத் திணறுவதைப் பார்த்தால்தான், டிவியில் பார்க்கிறவர்கள் என்ன வித்தை செய்கிறார்கள் என்பதே உறைக்கும். இத்தனைக்கும் அந்த டிஃபென்டர் உங்கள் தெருவில் ஆடின எவனையும்விட பத்து மடங்கு கெட்டிக்காரன்!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கீழே ஒரு மேட்சுக்கு இருக்கிற கனம்.

1999 மே 8. கார்லைல் யுனைடெட், லீக் டூவுக்குச் சமமான அன்றைய கடைசி டிவிஷனில் கடைசி இடம். 1974-75இல் முதல் டிவிஷனிலேயே ஆடின கிளப். ப்ளிமத்தோடு கடைசி மேட்ச். ஜெயித்தே ஆகணும், இல்லையென்றால் 1928 முதல் ஆடிவரும் ஃபுட்பால் லீக்கை விட்டே வெளியே. ஸ்கோர் 1-1. தொண்ணூறு நிமிஷம் முடிந்து கூடுதல் நேரம் ஓடுகிறது. போட்டியில் இருந்த ஸ்கார்பரோ தன் மேட்சை முடித்துவிட்டு, தப்பித்துவிட்டோம் என்று கொண்டாட ஆரம்பித்தாச்சு. கார்லைலுக்கு ஒரு கார்னர். கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் ஓடி வருகிறார். அவர் அந்தக் கிளப்பின் ஆளே இல்லை, ஸ்விண்டனிலிருந்து அவசரத்துக்குக் கடனாக வந்தவர். கார்லைலுக்கு அவர் ஆடினதே மொத்தம் மூன்று மேட்ச். தலையால் முட்டிய பந்தை எதிர் கோல்கீப்பர் தட்டிவிட, அது நேராக கிளாஸின் காலுக்கு வருகிறது. அடித்தார். 2-1. ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். கார்லைல் தப்பியது, ஸ்கார்பரோ விழுந்தது.

இந்தக் கதையை எல்லோரும் கார்லைல் பக்கத்திலிருந்தே சொல்வார்கள். நான் ஸ்கார்பரோ பக்கம் கொஞ்சம் நிற்கிறேன். 1986-87 வரை லீக்குக்குள் வர ஓட்டு வாங்கணும். கடைசியாக வந்த கிளப்புகளும் மற்றவர்களிடம் ஓட்டுக் கேட்டே தங்கள் இடத்தைத் தக்கவைத்தன. அந்த சீசனில்தான் ஜெயித்தால் தானாக உள்ளே என்ற விதி வந்தது. அந்த விதியால் முதன்முதலில் உள்ளே நுழைந்த கிளப் இதே ஸ்கார்பரோ. 12 வருஷம் கழித்து ஒரு கடன் கோல்கீப்பரின் ஒரு உதையில் வெளியே போனது. லீக்கை விட்டுப் போனால் பங்குப் பணம் நின்றுவிடும், ஸ்பான்சர் குறைவார்கள், கடன் மட்டும் குறையாது. 2007இல் ஸ்கார்பரோ கிளப்பையே கலைத்துவிட்டார்கள். பிரீமியர் லீக்கில் இருந்து விழுகிற கிளப்புக்கு பாராஷூட் பணம் என்று சில வருஷம் கொடுத்துத் தாங்குவார்கள். அந்த உயரத்திலிருந்து கீழே கொடுக்கப்படுவது அதில் ஒரு துளி.

அதைவிட வலிக்கிற கதை பரி. மான்செஸ்டருக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். கிளப் 1885இல் ஆரம்பித்தது. 1903 எஃப்ஏ கப் ஃபைனலில் டெர்பி கவுண்டியை 6-0 என்று ஜெயித்தார்கள். அந்த வித்தியாசத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாரும் தொடவில்லை. 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி வாட்ஃபோர்டை அதே 6-0இல் ஜெயித்துச் சமன் செய்தது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 27ஆம் தேதி, பணம் இருப்பதை நிரூபிக்க முடியவில்லை என்று பரியை லீக்கிலிருந்து நீக்கினார்கள். அதற்கு முந்தைய சீசனில்தான் ப்ரமோஷன் வாங்கியிருந்தார்கள். முந்தைய டிசம்பரில் அந்தக் கிளப் கைமாறிய விலை 1 பவுண்டு. நீக்கிய அன்றைக்குப் பகலில் நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்கள் துடைப்பமும் பெயின்டுமாக வந்து, சனிக்கிழமை மேட்ச் நடக்கும் என்ற நம்பிக்கையில் கிக் லேன் மைதானத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ராத்திரி செய்தி வந்தது.

அதன்பின் ரசிகர்கள் ஒரு புதுக் கிளப் தொடங்கினார்கள், இரண்டு தரப்பாகப் பிரிந்து சண்டை போட்டார்கள், 2023இல் ஒன்றானார்கள். ஒன்பதாவது படியில், அதே கிக் லேனில் மறுபடி ஆட்டம் தொடங்கியது. சிட்டியும் யுனைடெட்டும் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஒன்பதாவது டிவிஷனைப் பார்க்கவும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

நண்பரின் கேள்விக்கு என்னுடைய பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு சனிக்கிழமை டிவியை அணைத்துவிட்டால் பிரீமியர் லீக்குக்குத் தெரியவே தெரியாது. சின்னக் கிளப்பில் வாசலில் வசூலாகிற காசுதான் அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி. நீங்கள் போகாவிட்டால் கணக்கில் இடிக்கும். எக்ஸிட்டர் சிட்டியை எடுத்துக்கங்க. 2003 முதல் ரசிகர்களின் அறக்கட்டளைதான் சொந்தக்காரர். நான்-லீக்கில் கடனில் கிடந்தபோது, 2005 ஜனவரியில் எஃப்ஏ கப்பில் ஓல்ட் டிராஃபோர்ட் போய் மான்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0 டிரா. மறு ஆட்டம் சொந்த ஊரில். அந்த இரண்டு மேட்ச் வருமானம்தான் கடனிலிருந்து மீளப் பெரிய கை கொடுத்தது. 2024-25 முதல் எஃப்ஏ கப்பின் பிரதான சுற்றுகளில் மறு ஆட்டமே கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். பெரிய கிளப்புகளுக்கு அட்டவணை நெருக்கடியாம். இது அநியாயம் என்பது என் கருத்து.

ஏறுகிற கதைகளும் இல்லாமல் இல்லை. வாரத்துக்கு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் ஆடின ஜேமி வார்டி 2016இல் லெஸ்டரோடு பிரீமியர் லீக் சாம்பியன். 2014 வரை நான்-லீக்கில் இருந்த லூட்டன் டவுன் 2023இல் பிரீமியர் லீக்குக்கு வந்தது. வெளியூர் ரசிகர்கள் வரிசை வீடுகளுக்கு அடியில் நுழைந்துதான் அந்த மைதானத்துக்குள் போகணும். பெல்லி ரடாக் எம்பான்சு அந்த எல்லாப் படிகளிலும் அதே கிளப்புக்கு ஆடினவர். ரெக்ஸம் கதை உங்களுக்கே தெரியும், ஹாலிவுட் பணம். அதை விட்டுவிடுவோம்.

ஒரு எச்சரிக்கை. கீழ் லீக் என்றால் எல்லாம் புனிதம் என்று பேசுகிறவர்களை நம்பாதீங்க. சின்னக் கூட்டத்தில் வசவும் தெளிவாகக் கேட்கும், இனவெறி வசவு உட்பட. மழை பெய்தால் மேட்ச் ரத்து, அதுவும் நீங்கள் ரயில் ஏறின பிறகு. கிளப்பைச் சீரழிக்கும் முதலாளிகள் மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு. கீழே தாங்குவதற்கு மெத்தை இல்லை. பரி மாதிரி இன்னொன்று நடக்கக்கூடாது என்றுதான் கால்பந்துக்குத் தனியாக ஒரு கட்டுப்பாட்டாளரை அமைக்கும் சட்டம் 2025இல் அங்கே நிறைவேறியது.

லண்டனிலோ மான்செஸ்டரிலோ இருந்து கேட்கிறவர்களுக்கு: 2010 முதல் "நான்-லீக் டே" என்று ஒரு நாள் வைக்கிறார்கள், மேல் டிவிஷன்கள் சர்வதேச இடைவெளியில் ஓய்வெடுக்கும் வாரக்கடைசியில். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆறாவது, ஏழாவது படியில் பக்கத்து ஊர்க் கிளப் எது என்று பாருங்க, முன்பதிவு பெரும்பாலும் தேவைப்படாது, சனிக்கிழமை இரண்டரைக்குப் போனால் போதும். முதல் பாதியில் எந்த கோலுக்குப் பின்னால் கூட்டம் நிற்கிறதோ அங்கே நில்லுங்க, இடைவேளையில் அவர்கள் நடந்தால் நீங்களும் நடங்க. போய்ட்டு வந்து எழுதுங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.