வழி தவறிய இரு செய்மதிகள்

விண்மீன்களை நோக்கிக் கடலோடிகள் தம் இடத்தை அறிந்த காலம் ஒன்றிருந்தது. இன்று அவ்வுதவியைச் செய்மதிகள் புரிகின்றன. அவற்றின் உயிர்நிலை யாதெனின், கடிகாரமேயாம். செய்மதி தன் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலையால் அறிவிக்கின்றது. அவ்வலை வந்தடைய எடுத்த நேரத்தைக்கொண்டு நாம் தூரத்தைக் கணிக்கின்றோம். ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும் தூரம் ஏறத்தாழ 300 மீற்றர் பிழைபடும்.

ஐரோப்பியர் அமைத்த கலிலியோத் தொகுதியின் ஐந்தாம், ஆறாம் செய்மதிகள் 2014 ஆகஸ்ட் 22இல் பிரெஞ்சுக் கயானாவின் கூரூவிலிருந்து சோயுஸ் உந்துகணையால் ஏவப்பட்டன. அவை சேரவேண்டியது 23,222 கிலோமீற்றர் உயரத்திலுள்ள வட்ட ஒழுக்காகும். ஆயின், உந்துகணையின் மேற்கட்டத்தில் குளிர்ந்த ஈலியக் குழாயும் ஐதரசீன் குழாயும் ஒட்டி அமைந்திருந்தமையால் ஐதரசீன் உறைந்தது. திசையைக் காக்கும் சிற்றுந்திகள் செயலிழந்தன. செய்மதிகள் நீள்வட்ட ஒழுக்கிலே விடப்பட்டன. அதன் தாழ்புள்ளி ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். உயர்புள்ளி 25,900 கிலோமீற்றர்.

பொறியியலாளர் அவற்றைக் கைவிட்டாரல்லர். செய்மதிகளிலிருந்த எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டு, ஒன்றை 11 முறையும் மற்றதை 14 முறையும் உந்தித் தாழ்புள்ளியை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் உயர்த்தினர். எனினும் ஒழுக்கு வட்டமாகவில்லை.

ஈண்டுக் குறையே குணமாயிற்று. ஈர்ப்பு மிக்க இடத்திற் கடிகாரம் மெதுவாகவும், குறைந்த இடத்தில் விரைவாகவும் ஓடும் என்பது ஐன்ஸ்ரைன் கொள்கை. வட்ட ஒழுக்கில் உயரம் மாறாமையால் இவ்வேறுபாடும் மாறாது நிற்கும். அதனைக் கடிகாரத்தின் சொந்தப் பிழையினின்று பிரித்தறிதல் அரிது. இச்செய்மதிகளோ நாள்தோறும் இருமுறை ஏறத்தாழ 8,500 கிலோமீற்றர் ஏறி இறங்கின. அதற்கிசையக் கடிகாரத்தின் வேகமும் கூடிக் குறைந்தது. ஆதலின் ஈர்ப்பின் விளைவு தனித்துத் தோன்றிற்று.

அவற்றிலுள்ள ஐதரசன் மேசர்க் கடிகாரங்களின் ஓட்டத்தை ஆயிரம் நாள்வரை ஆராய்ந்த பிரான்சிய, செருமானியக் குழுக்கள் இரண்டு 2018இல் தம் முடிவுகளை வெளியிட்டன. 1976ஆம் ஆண்டின் உந்துகணைச் சோதனையிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு நுட்பமாக ஐன்ஸ்ரைன் கூற்று மெய்யென நிறுவப்பட்டது.

வழிகாட்ட எழுந்தவை வழி தவறியும் இயற்கை விதியை அளக்குங் கோலாயின. பாதை பிறழ்ந்தபோதும் கடிகாரம் பிறழாது ஓடியமையே இதற்குக் காரணம் என நாம் துணியலாம்.