மாசி போடாத சம்பலுக்கும் ஆள் இருக்கிறது

கம்போடியாவின் சாப்பாட்டுக் கடைக்கும் நமது பொத்துவில், அக்கரைப்பற்று சாப்பாட்டுக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

கம்போடியாவின் கெமர் சமையல் நமக்கு அந்நியமானதல்ல. சோறு, தேங்காய்ப்பால், மஞ்சள், வாழையிலை எல்லாம் அங்கும் உண்டு. 'அமொக்' என்பது தேங்காய்ப்பாலும் அரைத்த கூட்டும் சேர்த்து வாழையிலையில் அவிக்கும் உணவு. ஆனால் வெறும் மரக்கறி போலத் தெரியும் கறியிலும் 'பிரஹொக்' என்ற புளிக்கவைத்த மீன் விழுது கரைந்திருக்கும். இல்லாவிட்டால் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். தொன்லே சாப் ஏரியில் மீன் பெருகும் காலத்தில் உப்பிட்டு வைத்து ஆண்டு முழுவதும் பாவிப்பது அவர்களது வழக்கம். நாம் கருவாடு போடுவதைப் போலத்தான்.

அங்கே வரும் வெள்ளைக்காரரில் ஒரு பகுதியினர் 'வீகன்'கள். 1944 இல் இங்கிலாந்தில் உருவான சொல் அது. இறைச்சி, மீன் மட்டுமல்ல, முட்டை, பால், நெய், தேன்கூட அவர்களுக்கு ஆகாது. இவர்களுக்காகக் கெமர் கடைக்காரர்கள் அமொக்கில் மீனுக்குப் பதில் காளானும் சோயாக் கட்டியும், மீன் சாற்றுக்குப் பதில் சோயா சோஸும் போடுகிறார்கள். புதுக் கடை போடவில்லை, கறியையும் மாற்றவில்லை. மறைந்திருக்கும் மீனை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நம்மிடம் அந்த மறைந்திருக்கும் மீன் மாசி. தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கீரைச் சுண்டல், சில வீடுகளில் பாலாணத்திலும் மாசி உண்டு. அறுகம்பையில் மே மாதம் முதல் செப்டம்பர் வரை அலைச்சறுக்கு விளையாட வருபவர்கள் இதைத்தான் விசாரிக்கிறார்கள். "மரக்கறிதான் சேர்" என்று சொல்லி மாசிச் சம்பலை வைப்பது ஏமாற்று. வெளிநாட்டில் சாப்பிடும்போது ஹலாலா என்று நாம் கேட்பதில்லையா? அங்கே ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொன்னால் நமக்கு எப்படியிருக்கும்?

குடும்பமாகக் கடை நடத்துபவருக்கு இதில் பெரிய அனுகூலம். சட்டியில் என்ன போட்டது என்று சமைத்தவரே வந்து சொல்லலாம். பெரிய ஹோட்டலில் வெயிட்டர் தம்பிக்கு அது தெரியாது.

செலவும் கூடாது. மாசி விற்கும் விலையில், அது போடாத சம்பல் நமக்கு மலிவு. பிட்டு, இடியப்பம், பருப்பு, பலாக்காய், மரவள்ளிக் கிழங்கு எல்லாம் ஏற்கெனவே இருப்பவை. மாசியைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியவர் போட்டுக்கொள்வார். மீன் பொரித்த எண்ணெயில் வடை சுடக்கூடாது. இறைச்சிக் கறிக் கரண்டி பருப்புக்குள் போகக்கூடாது. பரோட்டா மாவில் முட்டையோ மாஜரீனோ சேர்ப்பவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். மாஜரீன் என்றால் பாக்கெட்டைப் பாருங்கள், சிலவற்றில் பால் சேர்ந்திருக்கும்.

வட்டிலாப்பம் கேட்டால் என்ன செய்வது? முட்டை இருக்கிறதென்று சொல்லிவிட்டு, வாழைப்பழமும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொடுங்கள்.