சக்கரக் கணக்கும் மூன்று பீக்கன்களும்

பிரான்சில் 1994-இல் தொடங்கிய ரோபோ போட்டி, 1998-இலிருந்து ‘யூரோபோட்’ என்ற பெயரில் ஐரோப்பிய அளவிலும் நடக்கிறது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் ஒரு மேசை. இரண்டு அணிகளின் ரோபோக்களும் ஒரே நேரத்தில் அதில் இறங்குகின்றன. தொடக்கக் கயிற்றை உருவிய பிறகு மனிதக் கை படக்கூடாது, ரிமோட்டும் கூடாது. முன்பு 90 விநாடி, இப்போது 100 விநாடி ஆட்டம். அதற்குள் பொருட்களை எடுத்து உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் மாணவர்களும் ஆர்வலர்களும் தாங்களே அறுத்து, பற்றவைத்து, நிரல் எழுதிச் செய்த ரோபோக்கள் இவை.

கையும் கொக்கியும் எவ்வளவு அழகாக இருந்தாலும், தான் எந்தப் புள்ளியில் எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்பது தெரியாத ரோபோவால் ஒரு பொருளைக்கூட எடுக்க முடியாது. ஜிபிஎஸ் இங்கே உதவாது. வெட்டவெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு 3 மீட்டர் மேசையில் என்ன செய்ய?

முதல் வழி ஓடோமெட்ரி. சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணி, வந்த தூரத்தையும் திரும்பிய கோணத்தையும் கணக்கிடுவது. கரண்ட் போன இரவில், கட்டிலிலிருந்து சுவிட்ச் போர்டு வரை அடியெண்ணி நடப்போமே, அதே வேலைதான். 65 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 204 மி.மீ. நகரும். அச்சில் பொருத்திய, சுற்றை எண்ணும் கருவியான என்கோடர் ஒரு சுற்றுக்கு 2,400 எண்ணிக்கை தந்தால், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய நகர்வுகூடப் பதிவாகிவிடும்.

இந்த நுட்பத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இடப்பக்கச் சக்கரம் 65 மி.மீ., வலப்பக்கச் சக்கரம் 64.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். இரண்டுக்கும் இடையே 20 செ.மீ. இடைவெளி. நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே 3 மீட்டர் ஓடினால், ரோபோ 6 டிகிரிக்கு மேல் திரும்பியிருக்கும். போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து சுமார் 17 செ.மீ. விலகியிருக்கும். தூரப் பிழையைக்கூடச் சமாளித்துவிடலாம். திசையில் விழும் பிழை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வட்டி போட்டு வளரும்.

சக்கரம் வழுக்கினால் எண்ணிக்கையே பொய்யாகிவிடும். அதனால் தேர்ந்த அணிகள் மோட்டார் சக்கரத்தை நம்புவதில்லை. மோட்டாரோடு தொடர்பில்லாத இரண்டு சிறு சக்கரங்களை ஸ்பிரிங் வைத்துத் தரையோடு அழுத்தி, என்கோடரை அவற்றில் பொருத்துகிறார்கள். விளிம்பும் மெல்லியதாக இருக்க வேண்டும். அகலமான டயர் தரையை எந்த இடத்தில் தொடுகிறது என்பது நிச்சயமில்லை. சக்கர இடைவெளிக் கணக்கு அங்கேயே தவறிப்போகும்.

இந்தப் பிழைகளை அளக்க, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யோஹான் போரன்ஸ்டைனும் லிச்சியாங் ஃபெங்கும் 1994-இல் ஒரு சோதனை வகுத்தார்கள். பெயர் யூஎம்பி மார்க். பக்கத்துக்கு 4 மீட்டர் சதுரத்தில் ரோபோவை ஓடவிட்டு, கிளம்பிய இடத்துக்குத் திரும்பும்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க வேண்டும். கடிகாரத் திசையில் ஐந்து முறை, எதிர்த்திசையில் ஐந்து முறை. எதிர்த்திசை எதற்கு? சக்கர விட்டத்தில் உள்ள பிழையும் சக்கர இடைவெளியில் உள்ள பிழையும் ஒரு திசையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ரோபோ கச்சிதமாகத் திரும்பி வந்ததுபோல் காட்டிவிடும். மறு திசையில் ஓடவிட்டால் இரண்டும் சேர்ந்துகொண்டு குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு சாக்பீஸும் அளவு டேப்பும் போதும்; இவ்வளவு மலிவான, இவ்வளவு புத்திசாலித்தனமான சோதனை இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எத்தனை திருத்தினாலும் சக்கரக் கணக்கில் பிழை சேர்ந்துகொண்டேதான் போகும். அதைத் துடைக்க வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். அதுதான் பீக்கன். டிவி ரிமோட்டில் உள்ளது போன்ற அகச்சிவப்பு எல்இடிகளை மேசையின் விளிம்பில் மூன்று இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாகச் சிமிட்ட வைக்கிறார்கள். ரோபோவின் தலையில் சுழலும் உணரி, எந்தப் பீக்கன் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளும். இரண்டு பீக்கன்களை ஒரு குறிப்பிட்ட கோண இடைவெளியில் பார்க்கும் புள்ளிகள் எல்லாம் ஒரு வட்டத்தின் வில்லில் அமையும். பள்ளி வடிவியலில் படித்ததுதான். மூன்று பீக்கன் என்றால் வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடமே ரோபோவின் இடம். பெல்ஜியத்தின் லியேழ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர்லோவும் வான் ட்ரோகன்ப்ரூக்கும் 2014-இல் வெளியிட்ட முறை இதைச் சில வரிக் கணக்காகச் சுருக்கிவிட்டது.

ஒரு பொறி மட்டும் உண்டு. மூன்று பீக்கன்கள் வழியாகப் போகும் வட்டத்தின் மேலேயே ரோபோ நின்றுவிட்டால் வடிவியல் கைவிரித்துவிடும். ஒரு குறும்பக்கத்தின் இரு மூலைகளில் இரண்டும், எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒன்றும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வட்டம் மூன்றாவது பீக்கன் உள்ள பக்கத்து இரண்டு மூலைகளையும் வெட்டிக்கொண்டு போகும். அங்கே பீக்கன் சொல்வதற்கு மதிப்பைக் குறைத்துவிட வேண்டும்.

ஆகவே சக்கரக் கணக்கு, பீக்கன் இரண்டையும் கலக்கிறார்கள். 1960-இல் ருடால்ஃப் கால்மன் தந்த வடிகட்டி முறை, எந்தத் தகவலை அந்த நொடியில் எவ்வளவு நம்பலாம் என்று பார்த்து எடை போடும். வீட்டில் செய்பவருக்கு அவ்வளவுகூட வேண்டியதில்லை. பீக்கன் காட்டும் இடத்துக்கும் சக்கரம் சொல்லும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டே வந்தாலே ரோபோ நன்றாக ஓடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பீக்கனுக்கும் சக்கரக் கணக்கு தேவை என்பது. தலை நொடிக்குப் பத்துச் சுற்று சுற்றுகிறது, ரோபோ நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது என்றால், ஒரு சுற்றுக்குள் 5 செ.மீ. நகர்ந்துவிடும். மூன்று பீக்கன்களையும் மூன்று வேறு இடங்களிலிருந்து பார்த்திருக்கும். அந்த இடைவெளியைச் சரிசெய்ய என்கோடர்தான் வர வேண்டும். எதிரணி ரோபோ குறுக்கே வந்து ஒரு பீக்கனை மறைத்தாலும், அரங்க விளக்குகள் உணரியைக் குழப்பினாலும், சக்கரத்தை மட்டும் நம்பித்தான் ஓட வேண்டியிருக்கும். முதன்முதலாக ரோபோ செய்யப் புறப்படுபவர் பீக்கனுக்குச் செலவு செய்யும் முன், தரையில் ஒரு சதுரம் வரைந்து இரு திசைகளிலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.