மூணு நோ-பாலுக்கு ஜெயில்: அங்க ஓகே, இங்க?

கிரிக்கெட்டில் நோ-பால் போட்டா எதிரணிக்கு ஒரு ரன். டி20-ன்னா கூடவே ஒரு ஃப்ரீ ஹிட். அவ்வளவுதானே? ஆனா 2010-ல் லார்ட்ஸ் மைதானத்தில் போட்ட மூணு நோ-பாலுக்காக மூணு வீரர்கள் ஜெயிலுக்கே போனாங்க. அதில் ஒருத்தருக்கு அப்போ வயசு 18. நம்மில் பலர் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த வயசு.

மூணு வருஷம் கழிச்சு இந்தியாவில் இதே மாதிரி குற்றச்சாட்டில் கைதானவங்க, வழக்கு முழு விசாரணைக்குப் போகும் முன்பே விடுவிக்கப்பட்டாங்க. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருது? சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஆடுபவருக்கு யார் தண்டனை தரலாம், எவ்வளவு தரலாம்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

லார்ட்ஸில் நடந்தது என்ன?

2010 ஆகஸ்ட், இங்கிலாந்து - பாகிஸ்தான் டெஸ்ட். 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' பத்திரிகையின் நிருபர் ஒருவர், சூதாட்டக் கும்பலின் ஆள் மாதிரி நடித்து மஜர் மஜீத் என்ற ஏஜென்டைச் சந்திக்கிறார். 1,50,000 பவுண்டு கைமாறுகிறது. எந்தெந்தப் பந்து நோ-பாலாக வரும் என்று மஜீத் முன்கூட்டியே சொல்கிறார். எல்லாம் ரகசிய கேமராவில் பதிவாகிறது. சொன்ன மாதிரியே முகமது ஆமிர் இரண்டு, முகமது ஆசிஃப் ஒன்று என மூணு நோ-பால் வந்தன. அப்போது கேப்டன் சல்மான் பட்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்த நோ-பால்களால் மேட்ச் முடிவு மாறவில்லை. பாகிஸ்தான் தோற்றது உண்மைதான், ஆனா இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்ற மேட்சில் மூணு ரன் ஒரு கணக்கே இல்லை. ஆமிர் அதே இன்னிங்ஸில் 6 விக்கெட் வேற எடுத்தார். அப்புறம் எதுக்கு இவ்வளவு காசு? 'பிளேயர்ஸ் என் கைக்குள்ள இருக்காங்க' என்று காட்டுவதற்கான டெமோ அது. ஒரு பந்தை விலைக்கு வாங்க முடிந்தால் அடுத்து ஒரு ஓவரை வாங்கலாம், அப்புறம் மேட்சையே வாங்கலாம்.

ஸ்பாட் ஃபிக்ஸிங் ஆபத்தானது இதனால்தான். முழு மேட்சையும் ஃபிக்ஸ் பண்ண நாலஞ்சு பேராவது வேணும். ஒரு நோ-பாலுக்கு ஒருத்தர் போதும். 'டீம் தோற்கப் போறதில்லையே, இதில் என்ன தப்பு' என்று அந்த ஒருத்தர் தன்னையே சமாதானப்படுத்திக்கலாம். ஒரு தடவை காசு வாங்கிட்டா, அடுத்த தடவை மிரட்டுவதற்கு அதுவே ஆதாரம்.

ஒரே தப்பு, ரெண்டு தண்டனை

முதல் தண்டனையைக் கொடுத்தது ஐசிசி. 2011 பிப்ரவரியில் அதன் தீர்ப்பாயம் சல்மான் பட்டுக்கு 10 வருஷம் (அதில் 5 நிறுத்திவைப்பு), ஆசிஃபுக்கு 7 வருஷம் (அதில் 2 நிறுத்திவைப்பு), ஆமிருக்கு 5 வருஷம் தடை விதித்தது. அப்போதைய விதிப்படி ஃபிக்ஸிங்குக்குக் குறைந்தபட்சத் தடையே 5 வருஷம்தான்.

ரெண்டாவது தண்டனை லண்டன் சதர்க் கோர்ட்டில், அதே வருஷம் நவம்பரில். பட்டுக்கு 30 மாதம், ஆசிஃபுக்கு 12 மாதம், ஆமிருக்கு 6 மாதம் சிறை. ஏஜென்ட் மஜீத்துக்கு 32 மாதம்.

கடைசி எண்ணை இன்னொரு தடவை பாருங்க. நாலு பேரில் அதிகத் தண்டனை வாங்கியது பேட் பிடித்தவரோ பந்து போட்டவரோ இல்லை, வெளியில் இருந்து வியாபாரம் பேசிய ஆள். ஐசிசி-யின் வீரர் தடைப் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. கோர்ட்டுதான் அவரைப் பிடித்தது.

கோர்ட்டால் எப்படி முடிந்தது? பிரிட்டனில் 2005-ஆம் வருஷச் சூதாட்டச் சட்டம் இருக்கு. அங்கே பந்தயம் கட்டுவது சட்டப்படி சரி, ஆனா பந்தயத்தில் மோசடி செய்வது தனிக் குற்றம். அந்த மோசடியால் யாராவது உண்மையிலேயே ஜெயித்தார்களா, காசு பார்த்தார்களா என்பதை நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மேட்ச் முடிவை மாற்றாத ஒரு நோ-பாலும் குற்றம் ஆவது அதனால்தான்.

இந்தியாவில் என்ன ஆச்சு?

2013 மே மாதம் ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் ஸ்ரீசாந்த், அங்கீத் சவான், அஜித் சண்டிலா மூணு பேரையும் டெல்லி போலீஸ் கைது செய்தது. இடுப்பில் டவலைச் செருகி புக்கிக்கு சிக்னல் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு ஞாபகம் இருக்கலாம். ஃபிக்ஸிங்குக்கு என்று தனிச் சட்டம் இல்லாததால், நிழல் உலகக் கும்பல்களுக்காக எழுதப்பட்ட 'மோக்கா' சட்டத்தைப் போலீஸ் எடுத்தது. 2015 ஜூலையில் டெல்லி கோர்ட் எல்லாரையும் விடுவித்தது.

ஆனா பிசிசிஐ விதித்த ஆயுள் தடை அப்படியே இருந்தது. ஸ்ரீசாந்த் தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று மறுத்தபடியே கேரள உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போராடினார். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஆயுள் தடையை ரத்து செய்து, எவ்வளவு தண்டனை என்பதை மறுபடி முடிவு பண்ணுங்க என்றது. கடைசியில் அது 7 வருஷமாகக் குறைந்தது.

அடுத்து கர்நாடகா பிரீமியர் லீக். அங்கே 2019-ல் வெடித்த ஃபிக்ஸிங் வழக்கில் ஏமாற்றுதலுக்கான ஐபிசி 420-ஐப் போலீஸ் போட்டது. 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. மேட்ச் ஃபிக்ஸிங் நேர்மையின்மையாக, ஒழுங்கீனமாக இருக்கலாம்; நடவடிக்கை எடுக்க வேண்டியது பிசிசிஐ; ஆனா 420-இன்படி அது ஏமாற்றுதல் ஆகாது, இதுதான் தீர்ப்பின் சாரம்.

நீதிபதியைக் குறை சொல்றதுக்கு இல்லை. 420-க்குள் வரணும்னா, ஒருத்தரை ஏமாற்றி அவர் கையில் இருக்கும் சொத்தைக் கொடுக்க வைத்திருக்கணும். டிக்கெட் வாங்கிய ரசிகர் யார் சொல்லியும் வாங்கவில்லை, தானாகத்தான் வாங்கினார். நம்ம மனசு என்ன சொன்னாலும், சட்டப் புத்தகத்தில் எழுதாத குற்றத்துக்கு ஜெயில் கிடையாது.

போர்டு மட்டும் தண்டித்தால் போதாதா?

நம்ம பாஷையில் சொல்றேன். செமஸ்டர் எக்ஸாமில் பிட்டோட ஸ்க்வாடிடம் மாட்டினா என்ன ஆகும்? பேப்பர் கேன்சல், இல்லைன்னா டிபார். அது யுனிவர்சிட்டி கையில் இருக்கு. ஆனா கொஸ்டின் பேப்பரையே வெளியே விற்ற ஆள் அங்கே படிக்கிறவர் இல்லை. அவரை யாரும் டிபார் பண்ண முடியாது. போலீஸ்தான் வரணும். போலீஸ் வரணும்னா சட்டம் வேணும்.

கிரிக்கெட் போர்டின் நிலைமையும் இதேதான். தன்னோடு ஒப்பந்தம் போட்டவர்களை அது தண்டிக்கலாம், அவங்க ஃபோனைக்கூடக் கேட்டு வாங்கலாம். புக்கியின் ஃபோனைத் தொட முடியாது. நிரூபிக்கும் அளவுகோலும் வேற. கிரிமினல் கோர்ட்டில் நியாயமான சந்தேகத்துக்கே இடம் இருக்கக் கூடாது. ஐசிசி தீர்ப்பாயத்துக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவான நிச்சயம் போதும். கோர்ட்டில் விடுதலையான ஒருத்தர் மேல் போர்டின் தடை நீடிப்பதில் முரண்பாடு இல்லாததற்கு இதுதான் காரணம்.

போர்டு தண்டனை வலிக்காதுன்னு சொல்லல. நம்ம சிஎஸ்கே கதையே இருக்கே. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா கமிட்டி 2015-ல் குருநாத் மெய்யப்பனுக்கும் ராஜ் குந்த்ராவுக்கும் ஆயுள் தடை விதித்து, சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு வருஷம் நிறுத்தியது. எந்தத் தப்பும் செய்யாத வீரர்கள் புனேவுக்கும் குஜராத்துக்கும் சிதறினாங்க. சேப்பாக்கத்தில் 2016, 2017 ரெண்டு சீசனும் விசில் சத்தமே இல்லை. தண்டனை கடுமையா இருந்தது. ஆனா அது புக்கியைத் தொட்டதா?

சட்டம் எழுதிய பக்கத்து நாடு

இலங்கை 2019 நவம்பரில் விளையாட்டு மோசடிக்கு என்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதிகபட்சம் 10 வருஷம் சிறை. 2023-ல் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சசித்ர சேனநாயக்க ஃபிக்ஸிங் குற்றச்சாட்டில் கைதானார்.

இந்தியாவில் 2013-லேயே ஒரு வரைவு மசோதா தயாரானது, ஆனா சட்டமாகவில்லை. 2018-ல் சட்ட ஆணையம் தன் 276-வது அறிக்கையில் மேட்ச் ஃபிக்ஸிங்கைத் தனிக் குற்றமாக்கச் சொன்னது. அரசியல் சாசனத்தில் விளையாட்டும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருப்பது இதில் ஒரு சிக்கல். ஆனா மாநிலங்களே சட்டம் போடலாம் என்பதும் அதே பட்டியலின் அர்த்தம்தான்.

அப்போ எவ்வளவு தண்டனை?

'எல்லாருக்கும் ஆயுள் தடை போடு' என்பது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆமிரைப் பாருங்க. 18 வயசுப் பையன், கூட இருந்தது அவன் கேப்டன். தண்டனையை முழுசா அனுபவிச்சு 2016-ல் திரும்பி வந்தார். அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனலில் ரோஹித், கோலி, தவான் மூணு பேரையும் அவுட்டாக்கினார். நமக்கு எரிச்சல்தான். ஆனா தப்பை ஒப்புக்கொண்ட இளம் வீரருக்குத் திரும்பி வர ஒரு வழி இருப்பது சரின்னுதான் எனக்குத் தோணுது. திரும்பவே முடியாதுன்னா, மாட்டிக்கிட்ட எந்தப் பையனும் வாயைத் திறக்க மாட்டான். அவன் வாயைத் திறக்காத வரை பின்னாடி இருக்கிற கும்பலும் மாட்டாது.

அதே சமயம் கேப்டன், கோச் மாதிரி அதிகாரத்தில் இருப்பவர்கள் ஜூனியரை இழுத்து விட்டால் அந்தச் சலுகை கூடாது. புக்கிக்கும் ஏஜென்டுக்கும் தடை என்பதே அர்த்தமில்லாத வார்த்தை. அவங்களுக்கு ஜெயில்தான் தண்டனை.

கடைசியா ஒண்ணு. மாவட்ட லீக், டிஎன்பிஎல் கனவோட ஆடுற பசங்க நம்ம காலேஜ்லயும் இருக்காங்க. ஷகிப் அல் ஹசன் 2019-ல் தடை வாங்கியது ஃபிக்ஸ் பண்ணதுக்காக இல்லை. புக்கி தன்னை அணுகியதை மூணு தடவை சொல்லாமல் விட்டதுக்காக. 2 வருஷம், அதில் ஒண்ணு நிறுத்திவைப்பு. காசு வாங்கவே இல்லைன்னாலும், சொல்லாம இருந்ததே விதிமீறல். அதனால தெரியாத நம்பரில் இருந்து யாராவது 'பிட்ச் எப்படி இருக்கு ப்ரோ, நாளைக்கு நீ ஆடுறியா' என்று கேட்டால் டெலீட் பண்ணிடாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்னைக்கே உங்க டீம் மேனேஜர்கிட்டயும் லீக்கின் ஊழல் தடுப்பு அதிகாரிகிட்டயும் கொடுத்துடுங்க.