உழைக்கும் கையும் உறைந்த முதுகும்

திருப்பூர் வட்டாரத்தில் தறியில் நெய்வோரும் பனியன் தைப்போரும், நாளெல்லாம் ஓடிய கையைவிட, அசையாதிருந்த கழுத்தும் இடுப்புமே நோவதாகக் கூறுவதுண்டு. இதன் காரணம் யாது?

வளர்ந்தோர் உடலில் 206 எலும்புகளும், 600க்கு மேற்பட்ட தசைகளும் உள. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே அவை எதிரெதிராய் அமைந்துள்ளன. மேற்கையின் முன்தசை சுருங்கினால் முழங்கை மடங்கும். பின்தசை சுருங்கினால் நீளும். ஒன்று இழுக்கையில் மற்றொன்று தளரும். அத்தளர்ச்சியில்தான் இரத்தம் தடையின்றிப் பாய்ந்து தசையை ஊட்டுகின்றது.

குனிந்த முதுகுக்கோ அவ்விடைவேளை இல்லை. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்கித் தசைகள் இறுகியே நிற்கும். இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களை நெரிக்கும். தைலம் பிறகு ஆகட்டும், அங்கத்தினர்களே! பீஸ்ரேட்டில் உழைப்போர்க்கு எழுந்து நடப்பது நட்டமாகத் தோன்றும். தார் மாற்றும்போதும், நூல் கோன் மாற்றும்போதுமாவது முதுகை நிமிர்த்திக் கொள்ளலாமன்றோ?